பழம் உலர்த்தும் பணி: யந்திரமா, வெயிலா?

(காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரையின் வாசகம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பழம் உலர்த்துதல். இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு மனு. நம் வட்டாரத்து மகளிர் குழு ஒன்று, பழங்களை உறைய வைத்து உலர்த்தும் யந்திரம் வாங்கக் கடன் பெற விரும்புகிறது; அதற்கு ஊராட்சி மன்றம் பரிந்துரை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மன்றம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர்கள் அந்தப் பெண்கள். அவர்களிற் சிலர் தறிக் குடும்பத்தினர். யந்திரம் பயன்தராமற் போனாலும் தவணை நிற்காது. ஆதலின் ஆம் என்பதற்கு முன்னும், இல்லை என்பதற்கு முன்னும், அந்த யந்திரம் என்ன செய்கிறது, நமக்கு அது வேண்டுமா என்பதை நாம் தெளிந்துகொள்வது நன்று.

மாம்பழத்தைப் பற்றிக் காஞ்சிபுரத்தாருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சமே மாமரம். ஆம்ரம் என்பது வடமொழியில் மாமரத்தின் பெயர். ஒற்றை மாமரத்தின் கீழ் உறைபவன் ஏகாம்பரன் என்று பெரியோர் பொருள் கூறுவர். ஆயினும் அப்பழத்தின் குணம் நாம் அறிந்ததே. சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய மூன்று மாதங்களில் ஒரேயடியாக வந்து குவியும். குவியும்பொழுது விலை விழும். விலை விழுந்த பழத்தை வீட்டிலும் வைக்க இயலாது. மூன்றாம் நாள் கறுக்கும், ஐந்தாம் நாள் எருக்குழிக்குப் போகும். ஐப்பசி மழையில் குழந்தை ஒரு துண்டு மாம்பழம் கேட்டால் கொடுக்க வழியில்லை. கொய்யாவும் சப்போட்டாவும் வாழையும் இதே கதைதான்.

பழம் ஏன் கெடுகிறது? அதிலுள்ள நீரினால். மாம்பழச் சதையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நீர். வாழையில் ஏறத்தாழ 75. தர்ப்பூசணியில் 90க்கும் மேல். அதனை உலர்த்த முற்படுவது ஏரியை இறைத்து மீன் பிடிப்பது போன்றது, அதனை இன்றைய பேச்சிலிருந்து விலக்கிவிடுவோம். பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் வளர நீர் வேண்டும். நீரைக் குறைத்து, எஞ்சியதையும் பழத்தின் சர்க்கரை இறுகப் பற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டால் அவை வளர மாட்டா. உப்பிட்ட மாங்காய் வற்றலும், சுண்டை வற்றலும், மணத்தக்காளி வற்றலும் ஆண்டு முழுதும் பானையில் இருப்பது இந்த ஒரே காரணத்தால். நம் பாட்டிமார் இதனை விஞ்ஞானம் என்று சொல்லவில்லை, செய்து காட்டினார்கள்.

இனி அந்த யந்திரத்தைப் பார்ப்போம். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் அது உருகி நீராகாமலே மெல்ல மெல்லக் காற்றில் மறைவதை அனைவரும் கண்டிருக்கிறோம். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். பனிக்கட்டிக்கும் அந்த இயல்பு உண்டு. ஆனால் காற்றின் அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில்தான் அது விரைவாக நிகழும். நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தில் 165இல் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். யந்திரம் செய்வது இவ்வளவே. பழத் துண்டுகளைத் தட்டில் பரப்பிக் கல்லைப் போல உறைய வைக்கிறது. பின்பு அறையிலுள்ள காற்றைப் பம்பு கொண்டு உறிஞ்சி எடுக்கிறது. தட்டிற்கு இலேசான வெப்பம் கொடுக்கிறது. துண்டிலுள்ள பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகி, மற்றொரு குளிர்ந்த பரப்பிலே போய்ப் படிகிறது. உருகாமையினால் பழம் சுருங்குவதில்லை. நிறம், வடிவம், மணம் பெரும்பாலும் நிற்கின்றன. வெப்பத்தில் அழியும் சி வைட்டமினும் பெரும்பகுதி எஞ்சுகிறது. நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு ஈரமே மிஞ்சும். வாயிலிட்டால் பொரியைப் போல நொறுங்கும்.

வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் மூடாமல் வைத்த பண்டம் பல வாரங்களில் வறண்டு வெளுத்துப் போவதைச் சிலர் கண்டிருக்கலாம். அதுவும் இதே இயல்புதான். ஆனால் அந்த வழியில் பழம் உலர்த்தப் புகுந்தால் வாரங்கள் கழியும். பண்டமும் ஒரே சீராக வராது.

இம்முறை புதியது என்று எண்ண வேண்டாம். தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் வாழும் மக்கள் நெடுங்காலமாக உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, பகல் வெயிலில் உலர்த்திச் 'சூன்யோ' என்னும் பண்டம் செய்து வருகிறார்கள். அவர்களுக்கு மலையே யந்திரம். இரண்டாம் உலகப் போரின்போது குருதி நீரைக் கெடாமற் போர்க்களத்திற்கு அனுப்ப மேனாட்டார் இம்முறையைப் பெருமளவிற் கையாண்டனர்.

நம் மாநிலத்திலேயே இம்முறை செய்த தொண்டு ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. மூத்தோர் பலருடைய கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். பழைய அம்மைப்பால் திரவமாக வந்தது. சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாத ஊருக்கு அது போய்ச் சேருமுன் வீரியம் இழந்துவிடும், குத்தியும் பயனில்லை. உறைய வைத்து உலர்த்திய அம்மைப்பால் வந்த பிறகு வெயில் அதனை எளிதில் கெடுக்க இயலவில்லை. முதலில் சோவியத் நாடு அதனை நன்கொடையாக அளித்தது. பின்பு இந்தியாவிலேயே நான்கு நிலையங்கள் தயாரித்தன; அவற்றில் ஒன்று சென்னை கிண்டியில் 1899இல் நிறுவப்பெற்ற கிங் நிலையம். 1975ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை காணப்படவில்லை. 1977இல் நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று அளிக்கப்பட்டது. ஆகவே இம்முறையை ஆடம்பரம் என்று நாம் இகழ மாட்டோம். உயிர் காக்கும் மருந்துக்கு அது தகும். பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாய் சுமந்து செல்லும் உணவுக்கும் தகும். 1961இல் மைசூரில் அமைந்த பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடம் அத்துறையில் ஆய்வு நடத்தியது. நம் கேள்வி வேறு. ஊரிலே விளைந்த மாம்பழத்தை அடுத்த சித்திரை வரை காப்பதற்கு அது தகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டான தொகைகளே; உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். வீட்டளவிலான யந்திரங்கள் அமெரிக்காவில் 2,000 டாலருக்கு மேல் விற்கின்றன. இங்கே வந்து சேரும்போது விலை லட்சங்களில் நிற்கும். ஐந்து லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஒரு முறை 5 கிலோ சதையை இடலாம். உலர ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். சராசரி ஒரு கிலோவாட் மின்சாரம் இழுத்தாலும் 30 யூனிட் செலவு. வெளிவரும் பண்டம் ஒரு கிலோவிற்கும் சற்றுக் குறைவு. 900 கிராம் என்று வையுங்கள். ஆண்டிற்கு 200 முறை ஓட்டினால் 180 கிலோ பண்டம் கிடைக்கும். யந்திரத்தின் விலையை ஐந்து ஆண்டிற்குப் பங்கிட்டால், கிலோவிற்கு 550 ரூபாய்க்கு மேல் யந்திரத்திற்கே போகிறது. மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோவிற்கு 260க்கு மேல். பழம் கிலோ 40 ரூபாய் என்று வைத்து, தோலும் கொட்டையும் கழித்தால், அது ஒரு 370. கூட்டினால் ஏறத்தாழ 1,200 ரூபாய். இதில் கூலி இல்லை, வட்டி இல்லை, பை இல்லை, பழுது பார்க்கும் செலவு இல்லை, விற்கப் போகும் பஸ் கட்டணமும் இல்லை.

மேலும் ஒன்று. மாம்பழப் பருவம் நூறு நாள். அதற்குள் 200 முறை ஓட்ட இயலாது. இடைவிடாது ஓட்டினாலும் எண்பதைத் தாண்டுவது அரிது. மற்ற மாதங்களில் வேறு பழம் தேட வேண்டும். நடுவில் மின்சாரம் சில மணி நேரம் நின்றால் உறைந்த துண்டு உருகிக் கூழாகும். அந்தத் தட்டு வீண். பம்பு பழுதானால் பார்க்கத் தெரிந்தவர் நம் ஊரில் இருக்கிறாரா என்பதையும் வாங்குமுன் கேட்க வேண்டும்.

இன்னொரு செய்தியை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. உறைய வைத்து உலர்த்துவது நுண்ணுயிரைக் கொல்லுவதில்லை, தூங்க வைக்கிறது. ஆராய்ச்சிச் சாலைகளில் நுண்ணுயிர்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு பாதுகாக்கக் கையாளும் முறையே இதுதான். அழுக்குக் கையால் நறுக்கிய பழம், எத்தனை லட்ச ரூபாய் யந்திரத்திலிருந்து வந்தாலும், அழுக்குப் பழமே. நனைந்தவுடன் கிருமி விழித்துக்கொள்ளும்.

உலர்ந்த பண்டம் இருபது, இருபத்தைந்து ஆண்டு இருக்கும் என்று யந்திரம் விற்பவர்கள் கூறுகிறார்கள். காற்றும் ஒளியும் ஈரமும் புகாமல் அடைத்தால் நெடுங்காலம் நிற்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டு கழித்துத் தின்ன எவர் பழம் சேர்க்கிறார்கள்? நமக்கு வேண்டியது எட்டு மாதம்; மிஞ்சினால் பத்து மாதம். அந்த அளவுக்குச் சூரியன் போதும் என்பதே நம் கருத்து. ஆனால் மொட்டை மாடியில் பாய் விரித்த சூரியன் போதாது. மூடிய சூரியன் வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். வெட்ட வெளியில் காய்ந்த பழத்தில் தெருப்புழுதி படிகிறது. ஈ முட்டையிடுகிறது. காக்கையும் அணிலும் வரி வாங்குகின்றன. நேரடி வெயிலில் நிறமும் ஏ வைட்டமினுக்கு மூலமான மஞ்சட்சத்தும் குறைகின்றன. திடீரென்று கோடை மழை வந்தால் அள்ளி ஓட ஆளில்லை. மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை இழுத்தடிக்கிறது. அதற்குள் புளித்துப்போகும் துண்டு எத்தனை! நம் வீட்டுக்கு நாமே தின்ன இது பரவாயில்லை. காசு வாங்கி ஒருவருக்குக் கொடுக்கும்போது பரவாயில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மூடிய சூரிய உலர்த்தி என்பது பெரிய மாயம் அன்று. கண்ணாடியைப் போல ஒளி புகும் பாலிகார்பனேட் தகட்டால் கூரை வளைத்த கூடாரம். அடியில் காற்று புக வலையிட்ட வழி. மேலே ஈரக் காற்று வெளியேறப் புகைபோக்கி அல்லது சிறு மின்விசிறி. விசிறிக்கு மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்தே எடுக்கலாம். உள்ளே அடுக்கடுக்காகத் துருப்பிடிக்காத வலைத் தட்டுகள். வெளியே 35, 40 டிகிரி வெயில் அடித்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். மெல்லிய துண்டு நல்ல வெயிலில் ஒன்று, இரண்டு நாளில் உலர்ந்துவிடும். நம் ஊர் இருக்கும் இடத்தையும் எண்ணிப் பாருங்கள்: பூமியின் நடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகைக்குச் சற்றே குறைவு. சித்திரை நடுவிலே உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கிறான். மாம்பழம் வருவதும் அப்போதே. கட்டணம் இல்லாமல் வரும் இந்த வெப்பத்தை விட்டு, பழத்தை உறைய வைக்க மின்சாரம், பிறகு உறைந்ததை உலர்த்த மின்சாரம் என்று இரண்டு முறை காசு கொடுப்பது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம், சகோதரிகள் குறித்துக்கொள்ளலாம். பழம் பழுத்திருக்க வேண்டும், குழைந்திருக்கக் கூடாது. நார் குறைந்த பங்கனப்பள்ளி துண்டு போட ஏற்றது. பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாம்பழத்தைச் சாறெடுத்துத் தகடாக உலர்த்தலாம். கழுவி, தோல் சீவி, ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக நறுக்குங்கள். கனம் ஏறக்குறைய இருந்தால் மெல்லியது கருகும்பொழுது தடித்தது உள்ளே ஈரமாக இருக்கும். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் ஐந்து, பத்து நிமிடம் துண்டுகளை இட்டு எடுத்தால் கறுப்பது குறையும். கடைகளுக்குச் செய்வோர் கந்தகச் சேர்க்கையான ஒரு மருந்துப் பொடியைக் கையாளுகின்றனர்; ஆஸ்துமா உள்ளவர் சிலருக்கு அது ஒவ்வாது, அளவும் சட்டத்திற்கு உட்பட்டது. பயிற்சி பெறாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சூடு அதிகமானால் விரைவில் உலரும் என்று எண்ணி, தொடக்கத்திலேயே காற்று வழியை அடைத்து 70 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். அப்போது மேற்புறம் தோல் போல் இறுகிவிடும். உள்ளே உள்ள நீர் வெளியேற வழியில்லை. தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும்; ஒரு மாதத்தில் நடுவிலிருந்து பூஞ்சணம் கிளம்பும். ஆகவே முதல் சில மணி நேரம் காற்றோட்டமே முக்கியம், சூடு பின்னர். உள்ளே ஒரு வெப்பமானியும் ஈரமானியும் தொங்கட்டும். விலை சில நூறு ரூபாய்தான். அவை இல்லாத உலர்த்தி கடிகாரம் இல்லாத ரயில் நிலையம்.

மாலையில் வெயில் இறங்கியதும் காற்று வழிகளை மூடுங்கள். இரவுக் காற்றின் ஈரம் பாதி உலர்ந்த துண்டில் ஏறும். மறுநாளும் மேகமாக இருந்தால் விறகு அடுப்பின் வெப்பத்தைக் குழாய் வழியே செலுத்தும் மாற்று ஏற்பாடு வேண்டும். புளித்த வாடை வந்த துண்டைப் பொறுக்கி எறியுங்கள். வளைத்தால் ஒடியாமல் தோல் போல வளைய வேண்டும். கிழித்துப் பிழிந்தால் ஈரம் கசியக் கூடாது. அதுவே பதம். நூறு கிலோ பழத்தில் தோலும் கொட்டையும் போக 60 கிலோ சதை வரும். அதிலிருந்து 12, 13 கிலோ உலர்ந்த துண்டு கிடைக்கும். இதற்கு மேல் கிடைக்கிறது என்று எவரேனும் சொன்னால், அவர் பழம் விற்கவில்லை, தண்ணீர் விற்கிறார்.

சாறெடுத்துத் தகடாக்கும் முறை நமக்கு அயலானதன்று. ஆந்திரத்தில் மாமிடி தாண்ட்ரா என்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர் பனம்பழத்தைப் பிசைந்து சாறெடுத்து, உயரமான பந்தலிற் பாய் விரித்து அதன்மேல் ஊற்றி, ஒரு படை காய்ந்தபின் அடுத்த படை என்று நாள்தோறும் ஊற்றிப் பனாட்டு செய்வர். மழைக்காலம் முழுதும் அதுவே சிற்றுண்டி. பாணியில் ஊறவைத்துப் பாணிப்பனாட்டு என்றும் தின்பர். பனை நம் மாநில மரம். நம் ஊர்களில் பனம்பழம் விழுந்து கிடப்பதையும் பார்க்கிறோம். அதை எவரும் ஏன் தொடுவதில்லை என்பது நமக்கு விளங்காத புதிர்.

உலர்த்தியாயிற்று, வேலை முடிந்ததா? பாதிதான் முடிந்தது. துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக உலர்ந்திரா. கண்ணாடிச் சாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்குங்கள். ஈரம் மிகுந்த துண்டிலிருந்து வறண்ட துண்டிற்குப் பரவிச் சமமாகும். சாடியின் உட்புறத்தில் நீர்த்துளி கண்டால் மீண்டும் உலர்த்தியில் இடுங்கள். பிறகே பையில் அடைக்க வேண்டும். அதுவும் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் அன்று. உட்புறம் அலுமினியத் தகடு ஒட்டிய, ஒளியும் ஈரமும் புகாத பையில்.

இதனை நெசவாளர் குடும்பத்தினருக்கு விளக்குவது எளிது. பட்டு நூல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த பட்டின் எடைக்கு நூற்றுக்கு 11 பங்கு ஈரம் கூட்டிக் கணக்கிடுவதே உலக வணிக வழக்கம். ஈரம் மிகுந்த பட்டை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்குப் பட்டு விலை கொடுத்தவர் ஆவோம். உலர்ந்த பழமும் அவ்வாறே ஈரத்தைத் தேடும். யந்திரத்தில் நொறுங்க நொறுங்க உலர்ந்த பழமோ இன்னும் பேராசை உடையது; மழைக்காலத்தில் பையைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்திலேயே நமத்துவிடும். பட்டைக் காக்கத் தெரிந்த கைக்குப் பழத்தைக் காப்பது கடினமன்று.

நெசவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அடைமழையில் குழித்தறியில் நீர் ஊறும். பாவைத் தெருவில் நீட்டிச் சீராக்க இயலாது. ஐப்பசி, கார்த்திகையில் பல வீடுகளில் வருமானம் குன்றுவதை நாம் அறிவோம். சித்திரையில் உலர்த்தி வைத்த பண்டம் விலைக்குப் போகக்கூடிய காலம் அதுதான். அந்த மனுவின் உட்கருத்தும் இதுவே என்று நாம் எண்ணுகிறோம். அதனை நாம் மதிக்கிறோம். வாங்குவோருக்கும் குறைவில்லை. வரதராசப் பெருமாள் கோயில் வைகாசிக் கருட சேவைக்கும், ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரத்திற்கும் வெளியூரார் திரள்கிறார்கள். 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் இந்த ஊர் கண்ட கூட்டத்தை மறந்தவர் இல்லை. வந்தவர்கள் வழியில் தின்ன வாங்கியவற்றில் பெரும்பகுதி வெளியூரில் செய்து பையில் அடைத்து வந்தவை. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மூங்கிற் குடலையில் வேக வைத்து, கெடாது நிற்கும் கோயில் இட்லியைக் கண்டுபிடித்த ஊர் இது. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு எப்படி இருக்க வேண்டும் என்பதை நமக்கு மற்றவர் கற்பிப்பதா?

ஊராட்சி செய்ய வேண்டியதை இனிச் சொல்லுகிறோம். உலர்த்திக்கு இடம் மேடாகவும், மர நிழல் விழாததாகவும், செங்கற்சூளைக்கும் கப்பிச் சாலைக்கும் விலகியும் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் அருகில் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழம் கழுவவும் கை கழவும் தட்டுக் கழுவவும் நாள்தோறும் நீர் வேண்டும். ஒரே இடத்தில் விலை கேட்டு முடிவு செய்ய வேண்டாம். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஏற்கெனவே ஓர் உலர்த்தியை இரண்டு மழைக்காலம் ஓட்டிய குழுவை நேரிற் போய்ப் பாருங்கள்; விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள்.

சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய திட்டத்தில், தகுதியான முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு, பத்து லட்சம் ரூபாய் உச்ச வரம்பிற்குள், கடனோடு இணைந்த மானியமாக வகுக்கப்பட்டது. சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க முதலும் அதில் இடம்பெற்றது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதி எது என்பதை மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மானியம் வரும் என்ற நம்பிக்கையில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். பையின்மேல் செய்த நாளும் எடையும் அச்சிட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆய்வில் தொடங்கி வளர்ந்து, 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகச் சட்டத்தால் ஆக்கப்பட்டது. 1950இல் திறக்கப்பெற்ற மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் நம்மிடமிருந்து ஓர் இரவுப் பயணமே. உறை உலர்த்தும் யந்திரத்தைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று குழு விரும்பினால் அதற்கும் வழியுண்டு. இத்தகைய நிறுவனத்தில் கட்டணம் கட்டி ஒரு தொகுதி பழத்தை உலர்த்தித் தர இயலுமா என்று எழுதிக் கேட்கலாம். கிடைத்ததை நூறு கிராம் பைகளாக்கி, கோயில் தெருவில் 1,200 ரூபாய்க் கணக்கிற்கு மேல் விலை வைத்து விற்றுப் பார்க்கலாம். வாங்க ஆள் இருந்தால் பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம். சந்தையை முதலில் கண்டபின் யந்திரம் வாங்கியவர் கெட்டதில்லை.

கணக்கு விஷயத்தில் ஒரு சொல். நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருக்கு நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று அதில் விதித்திருக்கிறார்கள். பொது உலர்த்திக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம். எவர் எத்தனை கிலோ பழம் கொண்டுவந்தார், எத்தனை கிலோ உலர்ந்த துண்டு பெற்றார், எவ்வளவு வாடகை செலுத்தினார் என்பதை அன்றன்றே ஏட்டில் எழுதி, மாதம் ஒரு முறை மன்றத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைத் தட்டு மாற்றவும் தகடு மாற்றவும் தனியே சேமியுங்கள். வெயிலில் நிற்கும் தகடு சில ஆண்டுகளில் மங்கும், மங்கினால் சூடு குறையும்.

மனுக் கொடுத்த குழுவினருக்கு நம் பதில் இது: யந்திரக் கடனுக்கு இப்போது பரிந்துரை வேண்டாம், மூடிய சூரிய உலர்த்தி ஒன்றுக்கு இடமும் தீர்மானமும் மன்றம் அளிக்கட்டும். இறுதி முடிவு மன்றத்தினுடையது. அதற்கு முன்பாக, வரும் சனிக்கிழமை ஒன்றிய அலுவலக வளாகத்தில் ஒரு சிறு பெட்டி உலர்த்தியை வைத்துச் செய்து காட்டுவதாக ஏற்பாடு. விரும்புவோர் ஐந்து கிலோ பழமும், கூரான கத்தியும், மூடியுள்ள கண்ணாடிச் சாடி ஒன்றும் கொண்டு வரலாம். காலை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் நறுக்கத் தொடங்கினால் அன்றைய வெயில் போதாது.